விண்டோஸ் 11 கணினியிலிருந்து பழைய கணினியின் பொதுக் கோப்புறை திறக்கவில்லை: கடவுச்சொல் இல்லாமல் பகிர வழி உண்டா?

குடந்தை அச்சகம் (கும்பகோணம்):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கும்பகோணத்தில் சிறிய அச்சகம் நடத்தி வருகிறோம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம் ஆகியவைதாம் எங்களுக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி. கடையில் மூன்று கணினிகள் உள்ளன. உள்ளறையில் இருக்கும் பழைய கணினியில் விண்டோஸ் 7 புரொஃபஷனல் ஓடுகிறது. பழைய தமிழ் எழுத்துருக்களில் அமைத்த பேஜ்மேக்கர் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. டிரேசிங் ஷீட் எடுக்கும் லேசர் பிரிண்டரும் அதனுடன்தான் இணைந்திருக்கிறது. ஆகவே அதை மாற்ற இயலவில்லை. வடிவமைப்பாளர் அமரும் கணினியில் விண்டோஸ் 10 ஹோம். முன்கடையில் வாடிக்கையாளருக்குப் புரூஃப் காட்டுவதற்காக அண்மையில் வாங்கிய கணினியில் விண்டோஸ் 11 புரோ, 24எச்2 பதிப்பு.

பழைய கணினியில் 'பணிகள்' என்ற கோப்புறையை எல்லோருக்கும் பொதுவாகப் பகிர்ந்து, கடவுச்சொல் கேட்காதபடி அமைத்து வைத்திருக்கிறோம். விண்டோஸ் 10 கணினியிலிருந்து அது இன்றும் எந்தத் தடையும் இல்லாமல் திறக்கிறது. புதிய கணினியில் மட்டும் திறக்கவில்லை. இதனால் முன்கடைக்கு எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துச் செல்கிறோம். ஒரே பத்திரிகைக்கு மூன்று கணினிகளிலும் மூன்று பிரதிகள் சேர்ந்துவிடுகின்றன. கடைசியாகத் திருத்தியது எது என்று தெரியாமல், மாற்றச் சொன்ன முகூர்த்த நேரம் பழையபடியே அச்சுக்குப் போய்விடுமோ என்ற கவலை தினமும் இருக்கிறது.

ஆடி மாதமாதலால் கல்யாண வேலை இல்லை. அம்மன் கோயில்களின் கஞ்சி வார்த்தல், தீமிதி நோட்டீஸ்கள் மட்டுமே வருகின்றன. ஆவணி முகூர்த்தங்களுக்கான வேலை தொடங்குவதற்குள் இதைச் சரிசெய்துவிட விரும்புகிறோம். முன்பு போலவே கடவுச்சொல் இல்லாமல், மூன்று கணினிகளிலும் ஒரே கோப்புறையைத் திறக்க என்ன செய்ய வேண்டும்?

வன்பொருள் பணிமனை (மயிலாடுதுறை):

வணக்கம் ஐயா. 'திறக்கவில்லை' என்பது பல வகைப்படும். திரையில் வரும் செய்தியை வைத்துத்தான் பழுது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியும். செய்தியை அப்படியே எழுதுங்கள்.

அதற்கு முன் அடிப்படையான சில விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. மூன்று கணினிகளின் ஐ.பி. முகவரிகளையும் எடுத்து எழுதி, முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபைபர் இணைப்பு தந்தவர்கள் வைத்த மோடத்தோடு, வைஃபை முன்கடை வரை எட்டவில்லை என்று இன்னொரு ரூட்டரையும் வாங்கி மாட்டியிருக்கும் கடைகளில், உள்ளறைக் கணினி 192.168.1 என்று தொடங்கும் முகவரியிலும், முன்கடைக் கணினி 192.168.0 என்று தொடங்கும் முகவரியிலும் இருப்பதை எங்கள் பணிமனைக்கு வரும் அழைப்புகளில் அடிக்கடி பார்க்கிறோம். இரண்டிலும் இணையம் வரும் என்பதால் ஒரே வலையமைப்பு என்று தோன்றும். உண்மையில் அவை இரண்டு தனித்தனி வலையமைப்புகள். அப்படி இருந்தால் இரண்டாவது ரூட்டரை, தனி வலையமைப்பை உருவாக்காமல் முதல் வலையமைப்பையே நீட்டித்துத் தரும் 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றிவிட வேண்டும்.

அடுத்து, புதிய கணினியில் இணைப்பின் வகை 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். 'பப்ளிக்' என்பது பேருந்து நிலையம், விடுதி போன்ற பொது இடத்து வைஃபைக்கு உரியது. அதில் இருக்கும்போது விண்டோஸ் தன்னைப் பிற கணினிகளுக்குக் காட்டிக்கொள்ளாது, பகிர்வையும் அடைத்துவைக்கும். 'நெட்வொர்க்' பட்டியலில் பழைய கணினியின் பெயர் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து இணைப்பு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பெயர் பட்டியலில் தெரிவது வேறு, கோப்புறை திறப்பது வேறு. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளைப் போட்டு, பழைய கணினியின் ஐ.பி. முகவரியையும் கோப்புறையின் பெயரையும் நேரடியாக எழுதிப் பாருங்கள்: \\192.168.1.10\பணிகள் என்பது போல. என்ன செய்தி வருகிறது?

குடந்தை அச்சகம் (கும்பகோணம்):

விரைவான பதிலுக்கு நன்றி. மூன்று கணினிகளும் 192.168.1 என்றே தொடங்குகின்றன. இணைப்பு 'பிரைவேட்' என்றுதான் இருக்கிறது. புதிய கணினியிலிருந்து பழைய கணினிக்குப் பிங் செய்தால் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) பதில் வருகிறது. நீங்கள் சொன்னபடி முகவரியை நேரடியாக எழுதியபோது வந்த செய்தியின் பொருள் இதுதான்: உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கைகள், அடையாளம் உறுதிசெய்யப்படாத விருந்தினர் அணுகலைத் தடுப்பதால் இந்தக் கோப்புறையைத் திறக்க இயலாது. எங்கள் கடையில் அப்படிப்பட்ட கொள்கை எதையும் யாரும் அமைக்கவில்லை. கணினியை விற்றவர் ஏதேனும் பூட்டு வைத்திருப்பாரோ என்ற ஐயம் எங்களுக்கு எழுந்தது.

ஆய்வகப் பொறுப்பாளர் (தஞ்சாவூர்):

விற்றவர் எதுவும் செய்யவில்லை. அந்தச் செய்தியில் 'உங்கள் நிறுவனம்' என்று வருவதால் பலரும் இப்படித்தான் குழம்புகிறார்கள். அந்தக் கொள்கை விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பிலேயே முன்னிருப்பாக வருகிறது.

இங்கே மறுப்பது பழைய கணினி அன்று, புதிய கணினிதான். இதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும். புதிய கணினி தன் பயனர் பெயரைச் சொல்லிக்கொண்டு பழைய கணினியிடம் போகிறது. பழைய கணினியில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. ஆனால் கடவுச்சொல் கேட்க வேண்டாம் என்று நீங்கள் அமைத்திருப்பதால், அது வந்தவரை 'கெஸ்ட்' என்ற விருந்தினர் கணக்கில் ஏற்றுக்கொண்டு உள்ளே விடத் தயாராக இருக்கிறது. அந்த நேரத்தில் புதிய கணினி, 'நான் விருந்தினராக நுழைய மாட்டேன்' என்று திரும்பிவிடுகிறது. உங்கள் விண்டோஸ் 10 ஹோம் அப்படித் திரும்பாமல் உள்ளே போய்விடும். அதனால்தான் அங்கே திறக்கிறது.

விண்டோஸ் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது. கோப்புகளைப் பகிரும் எஸ்.எம்.பி. நெறிமுறையில், அனுப்பும் ஒவ்வொரு தகவலுக்கும் கையொப்பம் இடும் வசதி உண்டு. இடையில் யாரும் மாற்றவில்லை என்பதற்கும், பேசுவது உரிய கணினிதான் என்பதற்கும் அந்தக் கையொப்பமே சான்று. 24எச்2 புரோ பதிப்பில் இந்தக் கையொப்பம் முன்னிருப்பாகவே கட்டாயம். கையொப்பத்துக்கான திறவுகோல் பயனரின் கடவுச்சொல்லை அடிப்படையாகக் கொண்டு உருவாகிறது. விருந்தினருக்குக் கடவுச்சொல்லே இல்லை என்பதால் கையொப்பமும் இல்லை. ஆக, உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: கடவுச்சொல் இல்லாமல் பகிர்வதற்கான வழியைத் தேடாதீர்கள். ஒரு பயனர் கணக்கை உருவாக்கிக் கடவுச்சொல் வையுங்கள். ஒருமுறை புதிய கணினியில் சேமித்துவிட்டால் பிறகு அது தினமும் கேட்காது. உங்கள் பணியாளர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. விண்டோஸ் 7 இல் உள்ள எஸ்.எம்.பி. 2.1 பதிப்பும் கையொப்பத்தை ஏற்கும் என்பதால் பழைய கணினியில் எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய கணினியின் கன்ட்ரோல் பேனலில் சாதாரண நிலையில் இரண்டு பயனர்களை உருவாக்குங்கள்: ஒன்று வடிவமைப்பாளருக்கு, மற்றொன்று முன்கடைக்கு. பெயர்களை இடைவெளி இல்லாமல் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் வைப்பது பின்னால் தொல்லை தராது. இருவருக்கும் கடவுச்சொல் அவசியம். கடவுச்சொல் இல்லாத கணக்கை வைத்துக்கொண்டு அந்தக் கணினியின் முன் அமர்ந்து நுழையலாமே தவிர, வலையமைப்பின் வழியாக நுழைய விண்டோஸ் அனுமதிக்காது. பிறகு 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்' என்பதை மீண்டும் இயக்கி, 'கெஸ்ட்' கணக்கை அணைத்துவிடுங்கள்.

'பணிகள்' கோப்புறையின் அனுமதிகளை இரண்டு இடங்களில் மாற்ற வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 'ஷேரிங்' தாவலில் இருப்பது வாசற்கதவின் பூட்டு, 'செக்யூரிட்டி' தாவலில் இருப்பது அறைக்கதவின் பூட்டு. வலையமைப்பு வழியாக வருபவர் இரண்டையும் கடந்தாக வேண்டும். இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே செல்லும். ஆகவே இரண்டு இடங்களிலும் 'எவ்ரிஒன்' என்ற பொதுப் பெயரை நீக்கிவிட்டு, வடிவமைப்பாளருக்கு மாற்றும் உரிமையையும், முன்கடைக்குப் படிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். புரூஃப் காட்டுவதற்குப் படிக்கும் உரிமையே போதும். வாடிக்கையாளர் கொண்டுவரும் படங்களை உள்ளே அனுப்புவதற்கு 'வரவு' என்று தனிக் கோப்புறை ஒன்றைப் பகிர்ந்து, அதில் மட்டும் முன்கடைக்கு எழுதும் உரிமை தாருங்கள். ஊரார் பென்டிரைவ்கள் எல்லாம் செருகப்படும் கணினி அது. அதிலிருந்து உங்கள் பல்லாண்டு வேலைகள் அனைத்தையும் மாற்றவும் அழிக்கவும் முடிகிற நிலை இருக்கவே கூடாது.

இறுதியாக, புதிய கணினியின் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியில், 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' என்பதன் கீழ் பழைய கணினியின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் சேருங்கள். ஐ.பி. முகவரியில் சேமித்தால் ஐ.பி. முகவரியைக் கொண்டே திறக்க வேண்டும், கணினியின் பெயரில் சேமித்தால் பெயரைக் கொண்டே திறக்க வேண்டும். விண்டோஸ் இரண்டையும் வெவ்வேறு கணினிகளாகவே கருதும். ஐ.பி. முகவரியைப் பயன்படுத்துவதானால், அது நாளைக்கு மாறிவிடாமல் இருக்க, ரூட்டரில் பழைய கணினிக்கு அந்த முகவரியை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அரவை ஆலைக் கணக்கர் (மன்னார்குடி):

எங்கள் அரிசி ஆலை அலுவலகத்திலும் இதே சிக்கல் வந்தது. 'குரூப் பாலிசி எடிட்டர்' பகுதியில் 'லான்மேன் ஒர்க்ஸ்டேஷன்' என்பதன் கீழ், பாதுகாப்பற்ற விருந்தினர் நுழைவை அனுமதிக்கும் அமைப்பை இயக்கி, கையொப்பக் கட்டாயத்தையும் நீக்கியவுடன் எல்லாம் முன்பு போல் திறந்தது. எடைமேடைச் சீட்டு வெளியாகும் கணினி இன்னும் பழையது, அதற்காக எஸ்.எம்.பி. 1 நெறிமுறையையும் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலிலிருந்து சேர்த்துக்கொண்டோம். அறுவடைக் காலத்தில் நெல் வண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கும்போது பயனர், அனுமதி என்று உட்கார்ந்திருக்க நேரம் இல்லை. கடைக்குள்ளே இருக்கும் மூன்று கணினிகளுக்கு இவ்வளவு காவல் தேவையா என்பதை நண்பர்கள் சொல்ல வேண்டும்.

ஆய்வகப் பொறுப்பாளர் (தஞ்சாவூர்):

தேவை என்றே உறுதியாகச் சொல்வேன். எஸ்.எம்.பி. 1 குறித்து மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற பணயக் கோப்புத் தாக்குதல் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பது) அந்த நெறிமுறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான் நடந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாமல் விட்ட கணினிகளே சிக்கின, அவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். ஒரு வலையமைப்பில் ஒரு கணினி பாதிக்கப்பட்டுவிட்டால், யாரும் எந்த இணைப்பையும் அழுத்தாமலே அது பக்கத்துக் கணினிக்குத் தானாகவே தாவியது. கடைக்குள்ளே இருக்கும் கணினிகள் என்ற ஆறுதல் அங்கே எந்த உதவியும் செய்யவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி. 1 முன்னிருப்பாக நிறுவப்படுவதே இல்லை.

தங்கள் எடைமேடைக் கணினி விண்டோஸ் எக்ஸ்பியாக இருந்தால் அதற்கு எஸ்.எம்.பி. 1 தவிர வேறு தெரியாது. அதை வலையமைப்பிலிருந்து பிரித்துவிட்டு, நாள் முடிவில் சீட்டு விவரங்களை அதற்கென்றே வைத்திருக்கும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்வது, ஆலையின் மற்றக் கணினிகள் எல்லாவற்றையும் அதன் நிலைக்கு இறக்குவதைவிட மேலானது. அவசரத்துக்குத் திறந்த அமைப்புகளை அவசரம் முடிந்ததும் மூடிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விருந்தினர் நுழைவை அனுமதித்த கணினி, தான் தேடும் கணினியின் பெயரில் வேறு எந்தக் கணினி பதில் சொன்னாலும் நம்பிவிடும்.

கும்பகோணம் நண்பரின் விண்டோஸ் 7 கணினிக்கும் இது பொருந்தும். அதற்கான பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. வேலைக்கு அது வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இணையம் வேண்டுமா? பேஜ்மேக்கருக்கும் பிரிண்டருக்கும் இணையம் தேவையில்லை. அதன் ஐ.பி. முகவரியைக் கையால் எழுதி, 'டீஃபால்ட் கேட்வே' என்ற இடத்தை வெற்றிடமாக விட்டுவிட்டால், அது கடையின் மற்றக் கணினிகளோடு மட்டும் பேசும், வெளியே போகாது. அதற்குள் இருக்கும் எஸ்.எம்.பி. 1 பகுதியையும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் இடம்) வழியாக அணைத்துவிடலாம். விண்டோஸ் 10, 11 இரண்டும் அதனுடன் 2.1 பதிப்பில்தான் பேசும் என்பதால் பகிர்வு பாதிக்கப்படாது. நாளடைவில் 'பணிகள்' கோப்புறையை ஆதரவில் உள்ள ஒரு கணினிக்கு நகர்த்திவிட்டு, பழைய கணினி அங்கே போய்க் கோப்பை எடுத்துக்கொள்ளும்படி மாற்றுவது இன்னும் நல்லது. விண்டோஸ் 10 இன் பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அப்படிப் புதிய கணினியிலிருந்து பகிரும்போது, அதில் நுழையப் பயன்படுத்தும் நான்கு இலக்கப் பின் எண்ணை மற்றக் கணினிகளில் கொடுக்காதீர்கள். பின் எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. வலையமைப்பில் கணக்கின் முழுக் கடவுச்சொல்தான் செல்லுபடியாகும்.

கடலோர வாசகர் (நாகப்பட்டினம்):

இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். நாங்கள் நிழற்பட நிலையம் வைத்திருப்பவர்கள். எங்கள் கோப்புகளும் இதே முறையில் பகிரப்பட்டவைதாம்.

வலையமைப்புக் கோப்புறையில் உள்ள ஒரு கோப்பை வேறொரு கணினியிலிருந்து அழித்தால், அது மறுசுழற்சித் தொட்டிக்குப் போகாது. அங்கேயே முற்றிலும் அழிந்துவிடும். சொந்தக் கணினியில் அழித்துப் பழகிய பணியாளர்களுக்கு இதைச் சொல்லிவைப்பது மிகவும் அவசியம். முடிந்த வேலைகளைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்தி, எல்லோருக்கும் படிக்கும் உரிமையை மட்டும் தருவதும் நல்லது. பகிர்வு என்பது காப்புப்பிரதி ஆகாது. ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் வாரந்தோறும் பிரதி எடுத்து, எடுத்தவுடன் அதைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் பணயக் கோப்புத் தாக்குதல் அதையும் பூட்டிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, எங்கள் மாவட்டத்தில் கூரையும் சுவரும் போன கடைகளில், வேறு ஊர் உறவினர் வீட்டில் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்குத்தான் பழைய படங்கள் மிஞ்சின.

அடுத்தது மின்சாரம். கணினிகள் எல்லாவற்றுக்கும் யு.பி.எஸ். இருக்கும், ஆனால் அவற்றை இணைக்கும் சுவிட்ச் பெட்டியும் ரூட்டரும் சாதாரண பிளக்கில் செருகப்பட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் ஒரு நொடி போய் வரும்போது கணினி அணையாது, ஆனால் இணைப்பு அறுந்துவிடும். அந்த நொடியில் வலையமைப்பு வழியே சேமிக்கப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்று, பிறகு திறக்கவே திறக்காது. சுவிட்சுக்கும் ரூட்டருக்கும் மிகக் குறைந்த மின்சாரமே செலவாகும், அவற்றையும் யு.பி.எஸ்ஸில் செருகிவிடுங்கள். பேஜ்மேக்கர், கோரல்டிரா போன்றவற்றில் பெரிய வேலைகளைச் செய்யும்போது கோப்பைச் சொந்தக் கணினிக்கு எடுத்து, முடித்த பிறகு பொதுக் கோப்புறையில் வைப்பதே பாதுகாப்பானது. அந்த நேரத்தில் இன்னொருவர் அதே கோப்பைத் திருத்தாமலிருக்க, கோப்புறையிலுள்ள பிரதியின் பெயரோடு எடுத்தவர் பெயரையும் சேர்த்துவிடுவது எங்கள் நிலையத்து வழக்கம்.

குடந்தை அச்சகம் (கும்பகோணம்):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தஞ்சாவூர் ஐயா சொன்னபடி இரண்டு பயனர்களை உருவாக்கி, அனுமதிகளை இரண்டு தாவல்களிலும் மாற்றினோம். புதிய கணினியில் முதலில், ஒரே கணினிக்கு இரண்டு பயனர் பெயர்களில் இணைய முடியாது என்ற செய்தி வந்தது. வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் அது நீங்கி, கோப்புறை திறந்துவிட்டது. முன்கடையிலிருந்து ஒரு கோப்பை அழிக்க வேண்டுமென்றே முயன்று பார்த்தோம்; அனுமதி இல்லை என்றது. 'வரவு' கோப்புறையும் சரியாக வேலை செய்கிறது. விண்டோஸ் 7 கணினியின் இணையத்தையும் துண்டித்துவிட்டோம். கோப்புறையை இடம் மாற்றுவதை ஆவணி வேலைகள் ஓய்ந்த பிறகு செய்யவிருக்கிறோம்.

இன்னொரு ஐயம். வடிவமைப்பாளர் கணினியிலிருந்து முன்னூறு மெகாபைட் அளவுள்ள ஃபிளெக்ஸ் பேனர் கோப்பை நகலெடுக்க அரை நிமிடம் வரை ஆகிறது. முன்கடைக்கு அதே அளவுக் கோப்பு சில நொடிகளில் வந்துவிடுகிறது. மூன்று கணினிகளும் ஒரே ஜிகாபிட் சுவிட்சில்தான் இணைந்திருக்கின்றன. இதற்கும் அனுமதிகளுக்கும் தொடர்பு உண்டா?

வன்பொருள் பணிமனை (மயிலாடுதுறை):

தொடர்பு இல்லை ஐயா. நூறு மெகாபிட் இணைப்பில் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) நொடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு மெகாபைட்டுக்கு மேல் போகாது. முன்னூறு மெகாபைட்டுக்கு அரை நிமிடம் என்பது அந்தக் கணக்கோடு பொருந்துகிறது. ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு நூறு மெகாபைட்டையும் தாண்டும். பழைய கணினியிலிருந்து முன்கடைக்கு வேகமாக வருவதால் சுவிட்சும் அந்த இரண்டு கேபிள்களும் நன்றாக இருக்கின்றன. வடிவமைப்பாளர் கணினியின் ஈதர்நெட் அமைப்பில் இணைப்பு வேகம் என்ன என்று பாருங்கள்; 100 என்று இருக்கும் என நினைக்கிறேன். அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டே நூறு மெகாபிட்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஜிகாபிட் என்றால் அடுத்து ஐயப்பட வேண்டியது கேபிளை.

கேபிளைக் கழற்றி, முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகளும் பித்தளை நிறப் பற்கள் வரை வந்து முட்டி நிற்க வேண்டும். சிலர் ஆரஞ்சு, பச்சை ஜோடிகளை மட்டும் வைத்துக் கிரிம்ப் செய்துவிட்டு, நீலத்தையும் பழுப்பையும் வெட்டிவிடுகிறார்கள். நான்கு கம்பிகளில் நூறு மெகாபிட் ஓடும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எட்டும் இருந்தும் வேகம் வரவில்லை என்றால், சுவர் ஓரமாக வரும் இடத்தில் எலி கடித்திருக்கிறதா என்று கேபிள் முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள். காகிதக் கட்டுகள் அடுக்கிய அறைகளில் அது சாதாரணமாக நடப்பதுதான். கேபிள் முழுதாக இருந்தால் இரண்டு முனைகளையும் வெட்டி, எட்டுக் கம்பிகளோடு புதிய ஜாக் போட்டால் போதும். கடித்த தடம் இருந்தால் ஒட்டுப்போடாமல் கேட் 5ஈ அல்லது கேட் 6 கேபிளைப் புதிதாக இழுத்து, பி.வி.சி. குழாய்க்குள் விட்டுவிடுங்கள்.